மஜீத் நானாவின் மூச்சும் என் காரின் சார்ஜும்

திருகோணமலைத் துறைமுக வீதித் தரிப்பிடத்தில் வாடகைக்கு ஹயர் ஓடுகிற தம்பிமாருக்கும், புதிதாக ஓட வந்திருக்கிற தங்கச்சிக்கும் இதை எழுதுகிறேன். போன கிழமை தேத்தண்ணிக் கடையில் நீங்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். கரண்ட் கார் வாங்கலாமா, கூடாதா? நான் பதில் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன். கோபத்தில் வரவில்லை. வாங்குங்கள் என்று சொல்லி, நாளைக்கு உங்களில் ஒருவர் காட்டுப் பாதையில் அசையாமல் நின்றால் என்ன செய்வது? வேண்டாம் என்று சொல்லி, உழைப்பதெல்லாம் பெற்றோலுக்கே போனால் அது யாருடைய பாவம்? இந்த யோசனையில் வீட்டுக்கு வந்தும் நித்திரை இல்லை. வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பயந்த ஆள். அது உங்களுக்குத் தெரியும். ரயரில் காற்று சரியா என்று வெளிக்கிட முன்னமும் பார்ப்பேன், மூன்றாம் மைல் கட்டையில் இறங்கி இன்னொருமுறையும் பார்ப்பேன். பெற்றோல் வரிசையில் வானுக்குள்ளேயே படுத்து எழும்பின காலத்தில்தான், இனி இந்த வாழ்க்கை ஏலாது என்று பழைய வானை விற்று, ஜப்பானில் ஓடிக் கழித்த கரண்ட் கார் ஒன்றை வாங்கினேன். வாங்கிய அன்றே அன்புவழிபுரத்து வீட்டில் புதுப் பயங்கள் குடியேறின. மழைக்குள் சார்ஜில் போட்டால் ஷொக் அடிக்குமோ, கடல் காற்றில் பிளக் துருப்பிடிக்குமோ, வீட்டு வயர் சூடேறுமோ. படுத்திருந்தவன் எழும்பிப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். மனிசி சிரிப்பாள். கடைசியில் வயர் வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு, காருக்கென்று தனி வயர் இழுத்த பிறகுதான் அந்தப் பயம் அடங்கியது. இதை முதல் செலவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் இல்லாதது இன்னொரு பயம். சாம்பல்தீவு தாண்டி சல்லிக் கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர்கள் வீதியோரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார்கள். வாகனம் வந்தால் காதுதான் அவர்களுக்குச் சொல்லும், காலை மடக்குவார்கள். என் கார் அவர்கள் காதுக்கு வராது. ஒருநாள் ஒருவருடைய நீட்டிய காலுக்குச் சாண் தூரத்தில் பிறேக் பிடித்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கதையில் இருந்தார். நகரத்துக்குள் மான்கள் குறுக்கே வருவதும் அப்படித்தான். பெற்றோல் காருக்கு விலகப் பழகியவை, இதற்கு விலகுவதில்லை.

நல்லதையும் சொல்லவேண்டும். ஓட்டச் செலவு குறைவு. ஒயில் மாற்றுகிற வேலை இல்லை. எல்லாவற்றையும் விட, உள்ளே மணம் இல்லை, நடுக்கம் இல்லை. வாகனத்தில் ஏறினால் தலை சுற்றிச் சத்தி எடுக்கிறவர்கள், சத்திரசிகிச்சை முடிந்து வருகிறவர்கள், எல்லோரும் என் காரைத்தான் கேட்டார்கள். அப்படிக் கேட்டு வந்தவர்தான் தோப்பூர் மஜீத் நானா.

அவருக்கு முட்டு வருத்தம். நெல் ஆலையில் தூசிக்குள் வேலை செய்து நெஞ்சு பழுதாகிப் போனவர். டீசல் புகை கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கத் தொடங்கும், மூச்சுப் பம்ப் கையிலேயே இருக்கும். கண்டி கிளினிக்குக்குப் போய்வர என்னைப் பிடித்தார். கண்ணாடியை மூடி, ஏசியை மெல்லமாகப் போட்டால் அவர் பிள்ளை மாதிரி நித்திரை கொள்வார். “அண்ணன், உங்கட கார் எனக்கு அரை மருந்து,” என்பார். அவரோடு துணைக்கு வருவது அவருடைய மனைவியின் தம்பி நஸீர். மணல் லொறி ஓட்டுகிறவன். நல்ல கை. ஆனால் என்னைக் கண்டால் அவனுக்குப் பகிடி.

அந்தப் பயணத்தில் போகும்போது ஒரு பிழையும் இல்லை. என் கார் கண்டிக்கு ஒரே ஓட்டத்தில் போகாது. தம்புள்ளையில் சார்ஜ் ஏற்றி, கண்டியில் நானா கிளினிக்கில் இருக்கும்போது நிரப்பி, திரும்பும்போது மறுபடி தம்புள்ளையில் ஏற்றுவது என் வழக்கம். டொக்டர் புது மருந்து எழுதி, புகைக்குள் போகவே கூடாது என்று இறுக்கமாகச் சொல்லி விட்டிருந்தார். நானா களைத்துப்போய்ப் பின்சீற்றில் சாய்ந்தார்.

கண்டி நகரம் தாண்டியதும் நஸீர் கேட்டான், ஒருக்கா ஓட்டிப் பார்க்கட்டா என்று. நெடுந்தூர ஹயரில் கூட வருகிறவன் டிரைவர் என்றால் கொஞ்சத் தூரம் ஸ்டியரிங்கைக் கொடுப்பது நமக்குள் உள்ள மரியாதை. உங்களுக்கும் தெரியும், மாட்டேன் என்றால் அவனுடைய கையை நம்பவில்லை என்று ஆகிவிடும். கொடுத்தேன். பக்கத்துச் சீற்றில் இருந்தவன், நானாவின் சீரான மூச்சைக் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது மாத்தளை வந்திருந்தது. கார் காற்றில் மிதக்கிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. நஸீரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

“பாருங்க அண்ணன், இறக்கம் முழுக்க ஒரு செலவும் இல்லாம கொண்டந்திருக்கன்.”

கியரைப் பார்த்தேன். நியூட்ரல்.

லொறிக்காரர் எல்லோரும் செய்வது அது. இறக்கம் கண்டால் நியூட்ரலில் தட்டி, டீசல் மிச்சம் பிடிப்பது. நானும் வான் ஓட்டிய காலம் முழுக்கச் செய்ததுதான். கரண்ட் காரில் அது தலைகீழ். கியரில் விட்டுக் காலை எடுத்தால், சில்லு சுற்றுகிற வேகமே திரும்பிப் பற்றரிக்குச் சார்ஜாகப் போகும். மலையில் ஏறும்போது கொடுத்ததில் ஒரு பங்கை இறக்கம் திருப்பித் தரும். நியூட்ரலில் தட்டினால் அந்த வரவு நின்றுபோகும், பிறேக்தான் சூடாகும். நஸீர் மிச்சம் பிடித்ததாக நினைத்த இறக்கம் முழுக்க எங்களுக்கு வரவேண்டியதை வீதியில் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறான். இறக்கம் முடிந்த இடங்களில் லொறி மிதிக்கிற மாதிரி மிதித்தும் இருக்கிறான்.

சார்ஜ் காட்டுகிற கட்டங்களைப் பார்த்தேன். வழக்கமாக மாத்தளையில் நிற்கிற இடத்தில் அது இல்லை. நஸீருக்கு விளங்கப்படுத்தியபோது அவன் நம்பவில்லை. இறக்கத்தில் சார்ஜ் ஏறுகிறதென்றால் ஏன் பிளக், மலை உச்சியில் வீடு கட்டினால் போதுமே என்றான். நானா கண் திறக்காமலே சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டேன்.

தம்புள்ளையில் சார்ஜ் ஏற்றுகிற இடத்தில் கார்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் மரக்கறிச் சந்தை லொறிகள் இயந்திரத்தை நிறுத்தாமல் நிற்க, புகை நேராக எங்கள் பக்கம் வந்தது. நானா இருமத் தொடங்கினார். இதுக்குள்ள நிக்க ஏலாது, ஹபரணையிலும் ஒரு இடம் இருக்குத்தானே, அங்கே போடுவம் என்றான் நஸீர். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த இடத்தில் நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். ஆனால் ஹபரணைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்டிருக்கவேண்டும். இருமல் சத்தம் என்னை விரட்டிவிட்டது.

ஹபரணையில் கரண்ட் இல்லை. ஊர் முழுக்க இல்லை. எப்போது வரும் என்று சார்ஜ் பெட்டி வைத்திருந்த ஹோட்டல்காரருக்கும் தெரியவில்லை. மரம் விழுந்து வயர் அறுந்ததாம். தம்புள்ளைக்குத் திரும்பினால் அதே வரிசை, அதே புகை.

இனிக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். கந்தளாயில் எனக்குத் தெரிந்த கராஜ் இருக்கிறது, அங்கே போனால் பிளக்கில் போடலாம். காரில் இருந்த சார்ஜ், ஏசி இல்லாமல் மெல்ல ஓடினால் கந்தளாய்க்குப் போதும் போலவும் இருந்தது, போதாது போலவும் இருந்தது. நடுவில் உள்ளது காடு. பின்னேரம் ஆனால் யானை வீதிக்கு வரும் காடு. ஏசியை நிறுத்தினால் கண்ணாடியைத் திறக்கவேண்டும். திறந்தால் முன்னால் போகிற பஸ்சும் லொறியும் விடுகிற புகை நானாவின் நெஞ்சுக்குள் போகும். மூடி வைத்தால் அவருக்குக் காற்று முட்டும்.

என் மனம் நில் என்றது. நான் சொன்னேன், கரண்ட் வரும்வரை இங்கேயே ஒரு அறை எடுத்து நானாவைப் படுக்க வைப்போம் என்று. நானா வீட்டுக்குப் போகவேண்டும் என்ற நினைவிலேயே இருந்தார். பஸ்சில் ஏற்றிவிடட்டா என்றும் கேட்டேன், புகை என்று தலையை ஆட்டினார்.

நஸீர் சொன்னான், “அண்ணன், நீங்க பயந்து பயந்தே எங்கள ராவாக்கிடுவீங்க. இந்தப் பாதையில நான் லொறியோட எத்தினை தரம் வந்திருக்கன். போவம்.”

பயந்த ஆள் என்று எல்லோரும் என்னைச் சொல்லுவார்கள், பழகிப்போனது. ஆனால் ஒரு நோயாளிக்கு முன்னால் சொன்னபோது உள்ளே குத்தியது. காரை எடுத்தேன். அன்று என்னிடம் இருந்த ஒரே நல்ல சாமான் என் பயம்தான். வெட்கப்பட்டு அதை ஹபரணையில் விட்டுவிட்டு வந்தேன்.

ஏசியை மிகக் குறைவாகப் போட்டு, லொறிகளுக்குப் பின்னால் தூரம் விட்டு ஓட்டினேன். கட்டங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நான் கந்தளாய்க்கு உள்ள தூரத்தையும் கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். நஸீர் இப்போது பகிடி விடுவதை நிறுத்தியிருந்தான். வெயில் சாய்ந்து மரங்களின் நிழல் வீதியை மூடியபோது, முன்னால் ஒரு கார் நிற்பது தெரிந்தது.

யானை. தனி ஆண் யானை. வீதி நடுவில் நின்றது.

எங்களுக்கு முன்னால் அந்தக் கார் மட்டும். பின்னால் தம்புள்ளையில் மரக்கறி ஏற்றி வந்த லொறி, அதற்குப் பின்னால் திருகோணமலை பஸ். முன்கார்க்காரர் பயத்தில் இயந்திரத்தை உறும விட்டார். யானை காதை விரித்தது. அவர் அப்படியே வளைத்து எடுத்து ஓரத்தால் தப்பி ஓடிவிட்டார். இப்போது யானைக்கு முன்னால் நாங்கள்தான்.

நஸீரின் கை, காரை நிறுத்துகிற பொத்தானுக்கு வந்தது. யானையைக் கண்டால் இயந்திரத்தை நிறுத்து, லைற்றை நிறுத்து என்பது இந்தப் பாதையில் ஓடும் டிரைவர்மாரின் பழக்கம். அவனுடைய கையைப் பிடித்தேன். என் கார் நிற்கும்போது சத்தமே போடாது. பொத்தானை அமுக்கி அணைத்தால்தான் ரீங்கென்று ஒரு பாட்டுப் பாடும், திரும்ப எடுக்கும்போதும் பாடும். லைற்றை மட்டும் அணைத்தேன். ஏசியையும் அணைத்தேன்.

யானை எங்களிடம் நடந்து வந்தது.

பெற்றோல் கார் என்றால் இயந்திரம் இரையும், உள்ளே நாங்கள் மூச்சு விடுவது எங்களுக்கே கேட்காது. அந்தக் காரில் எல்லாம் கேட்டது. நஸீர் வாய்க்குள் ஓதுவது கேட்டது. பின்னால் நானாவின் நெஞ்சு விசில் அடிக்கிற மாதிரி இழுப்பது கேட்டது. யானை கார்க் கண்ணாடிக்கு அருகே நின்றது. அதன் கண்ணை மட்டும் பார்த்தேன், அதைச் சுற்றி ஈரமாக இருந்தது. தும்பிக்கை காரின் முன் பொனற்றில் பட்டது. சூடு இல்லாத பொனற், தடவிக்கொண்டே நின்றது. நானாவுக்கு இருமல் வந்தது. அவர் சால்வையை வாய்க்குள் அடைத்துக்கொண்டார். இருமலை அடக்க அவருடைய உடம்பு முழுக்கக் குலுங்கியது. காரும் மெல்ல ஆடியது.

அந்த நேரம் பார்த்து, காருக்குள் இருக்கிற ஜப்பான்காரி பேசத் தொடங்கினாள்.

இப்படிப் பழைய காரில் ஓடியவர்களுக்குத் தெரியும். வழி காட்டுகிற பெட்டிக்குள் ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதாவது சொல்லும். சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்தாலும் சொல்லும். சிவப்பு விளக்கு மின்னியதால் அதைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. அவளுடைய வாயை எப்படி மூடுவது என்று எனக்குத் தெரியாது, எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. அவள் நல்ல மரியாதையாக, நீட்டி நிதானமாகப் பேசினாள். யானை காதை அசைக்காமல் கேட்டது.

அவள் பேசி முடித்தாள். யானை இன்னும் கொஞ்சம் நின்றது. பிறகு பின்னால் மரக்கறி மணம் பிடித்திருக்கவேண்டும், எங்கள் பக்கத்தால் உரசுகிற மாதிரி நடந்து லொறிக்குப் போனது. லொறிக்காரர் வட்டக்காய்ப் பூசணிகளை ஓரத்தில் உருட்டி விட்டார். யானை அதில் வாய் வைத்ததும் எல்லா வாகனமும் அசைந்தது.

நஸீர் பெருமூச்சு விட்டான். எனக்கு அதற்குப் பிறகுதான் பெரிய பயம். திரையில் ஆமைப் படம் வந்துவிட்டது. இனி இந்தக் கார் ஆமை மாதிரித்தான் போகும், கொஞ்சத் தூரத்தில் நிற்கும் என்று அர்த்தம். நானா பம்பை இழுத்தார், இன்னொருமுறை இழுத்தார், அது அவருக்கு ஏறவில்லை. உதடு நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

என் காருக்குள் சுத்தமான காற்று இருந்தது. ஆனால் அது கந்தளாய்க்குப் போகாது. பின்னால் வருகிற பஸ்சில் புகை இருந்தது. அது போகும். ஏற்றிய ஆளை நடு வழியில் வேறு வாகனத்தில் ஏற்றிவிடுவது நம் தொழிலில் அவமானம். நோயாளியை ஏற்றிவிடுவது அதைவிட அவமானம். அதை யோசிக்க நேரம் இருக்கவில்லை. காரை ஓரம் கட்டி, இறங்கி வீதி நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். யானை எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் நின்றது. கொண்டக்டரிடம், மூச்சு இழுக்கிற ஆள், முன்சீற்றில் இருத்தி, வழியில் எங்கேயும் நிறுத்தாமல் கந்தளாய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கவேண்டும் என்று கேட்டேன். ஒரு அம்மா எழும்பி இடம் விட்டார். நானா என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணன், புகை.”

“ஓம் நானா, புகைதான். ஆனால் இது போகும். என்ர கார் போகாது. சால்வையை நனைச்சு மூக்கில வைச்சுக்கொண்டு போங்கோ.”

தண்ணீர்ப் போத்தலை நஸீரின் கையில் கொடுத்தேன். நஸீர் படியில் நின்று என்னையும் காட்டையும் பார்த்தான். நீங்க தனிய எப்படி என்று கேட்டான். ஏறு என்று தள்ளிவிட்டேன்.

பஸ் போன பிறகு காரைக் கொஞ்சத் தூரம் நகர்த்தினேன். ஒரு மதகுக்குப் பக்கத்தில் அது நின்றுவிட்டது. கண்ணாடியை மூடிக்கொண்டு உள்ளே இருந்தேன். யானை வருமா என்று பயந்தேன். அதைவிட, அந்த மனிதர் பஸ்சுக்குள் மூச்சு நின்று போயிருப்பாரா என்று பயந்தேன். ஹபரணையில் நின்றிருந்தால் என்று ஒருமுறை நினைத்தால் அது திரும்பத் திரும்ப வந்தது. போனில் சிக்னல் இல்லை.

இருட்டுப் பிடிக்கிற நேரம் கார் தூக்குகிற லொறி ஒன்று வந்தது. முன்னால் நஸீர் இருந்தான். கதவைத் திறந்தேன். அவன் வெளியில் நின்றே சொன்னான்.

“மூக்கில காத்து வைச்சிருக்காங்க அண்ணன். இப்ப கதைக்கிறார். டொக்டர் சொன்னார், இன்னும் பிந்தியிருந்தா ஏலாதாம்.”

பிறகு கொஞ்சம் பொறுத்து, “இறக்கத்தில நியூட்ரல்ல போட்டன்தானே. அதாலயா?” என்றான்.

எல்லாம் அதால் இல்லை என்று சொன்னேன். அது உண்மைதான். கொஞ்சம் நியூட்ரல், கொஞ்சம் தம்புள்ளை வரிசை, கொஞ்சம் அறுந்த வயர், மிச்சம் என்னுடைய வெட்கம்.

இப்போது உங்களுடைய கேள்விக்கு வருகிறேன். வாங்கலாம். நகரத்துக்குள்ளும், நிலாவெளிக்கும் மூதூருக்கும் ஓட இதைவிட நல்ல வாகனம் இல்லை. நோயாளிக்கு இதைவிட சுகம் இல்லை. தூர ஹயர் வந்தால், அடுத்த சார்ஜ் இடத்துக்குப் போதும் என்று கணக்குப் பார்க்காதீர்கள். அந்த இடம் செத்துக் கிடந்தால் அதற்கு அடுத்த இடத்துக்கும் போதுமா என்று பாருங்கள். போதாது என்றால் நில்லுங்கள். வேறு ஆள் ஓட்டக் கேட்டால், இறக்கத்தில் கியரைத் தொடாதே என்று முதலில் சொல்லுங்கள், அவன் எவ்வளவு பெரிய லொறிக்காரனாக இருந்தாலும். கோழை என்று யாராவது சொன்னால் ஓம் என்று சொல்லிவிட்டு நில்லுங்கள்.

மஜீத் நானா இனி என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று நினைத்திருந்தேன். அடுத்த கிளினிக் வந்தபோது அவரே போன் எடுத்தார். அந்தக் காரில்தான் வருவேன் என்றார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“எங்கெங்க நிக்கோணும் எண்டு நீங்க சொல்லுங்க. நிப்பம்.”

போனோம். கண்டியால் திரும்பும்போது ஸ்டியரிங்கை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, நஸீரும் கேட்கவில்லை. புறப்பட முதலே அழைத்துக் கேட்டு, தம்புள்ளையிலேயே சந்தைக்குத் தூரத்தில், புகை வராத பக்கம் உள்ள இன்னொரு சார்ஜ் இடத்தைப் பார்த்து வைத்திருந்தேன். அங்கே காரைப் போட்டுவிட்டு, மரத்துக்குக் கீழே நானாவுக்கு ஒரு கதிரை வாங்கிப் போட்டோம். நஸீர் தேத்தண்ணி வாங்கி வந்தான். குடித்து முடித்து, போய்க் கட்டங்களைப் பார்த்துவிட்டு வந்தான்.

“காணும் அண்ணன், திருகோணமலைக்கே காணும். எடுப்பமா?”

நானும் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான், போதும். மேலே மழை முகில் கூடியிருந்தது. ஹபரணைப் பக்கம் மரம் விழலாம்.

“இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்,” என்றேன்.

நஸீர் வாய் திறந்தான். நானா கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார்.

“நிக்கட்டும் விடு,” என்றார்.